எல்லா வேலைக்கும் ஒரு கப்பல்



போன வாரம் என் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஒரு விண்கலத்தின் படம் வைத்தேன். "ஐயா, இது இஸ்ரோவா?" என்று சிலர் கேட்டீர்கள். "பெரியப்பா போனை யாரோ ஹேக் பண்ணிட்டாங்க" என்று என் தம்பி மகள் வீட்டுக்கே போன் செய்துவிட்டாள். இஸ்ரோவும் இல்லை, ஹேக்கும் இல்லை. அது 'எலைட் டேஞ்சரஸ்' என்ற ஆன்லைன் விளையாட்டில் நானும் என் மகள் வழிப் பேரனும் மூன்று மாதம் யோசித்து வாங்கிய கப்பல். ஒரு கப்பலுக்கு எதற்கு மூன்று மாதம் என்று கேட்டவர்களுக்காக இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம்தான். என் வகுப்பில் உட்கார்ந்தவர்களுக்கு இது பழக்கம்தானே!

பேரன் பெங்களூரில் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறான். வருடம் ஒன்றாக அவனிடம் போனில் பேசினால் "ம்", "சரி தாத்தா", "அம்மாகிட்ட குடுக்கறேன்" இவ்வளவுதான் வரும். ஒருநாள் அவன் விளையாடும்போது பின்னால் ஏதோ இரைச்சல் கேட்டது. "அது என்னடா சத்தம்?" என்றேன். "கப்பல் எஞ்சின் தாத்தா" என்று ஆரம்பித்தவன் நாற்பது நிமிடம் நிறுத்தாமல் பேசினான். அன்றிலிருந்து சனிக்கிழமை இரவு 8 மணிக்கு வீடியோ காலில் திரையைக் காட்டுவான். பைலட் அவன், நோட்டுப் புத்தகத்தோடு கணக்குப்பிள்ளை நான்.

முதலில் விளையாட்டைச் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜில் இருக்கும் ஃப்ரான்டியர் டெவலப்மென்ட்ஸ் என்ற நிறுவனம் 2014 டிசம்பரில் வெளியிட்டது. நம் பால்வெளி மண்டலத்தை உண்மை அளவிலேயே உள்ளே வைத்திருக்கிறார்கள். ஏறக்குறைய 40,000 கோடி நட்சத்திரக் குடும்பங்கள். நம் சூரியன் உண்டு, சனியின் வளையம் உண்டு. நாம் திருவாதிரை என்று கும்பிடும் பீட்டல்ஜூஸும் உண்டு.

இதற்கு ஒரு முன்கதை இருக்கிறது. 1984இல் கேம்பிரிட்ஜில் படித்துக்கொண்டிருந்த டேவிட் பிரேபென், இயன் பெல் என்ற இரண்டு மாணவர்கள் பிபிசி மைக்ரோ என்ற கணினிக்கு 'எலைட்' என்று ஒரு விளையாட்டு எழுதினார்கள். அந்தக் கணினியின் நினைவகம் வெறும் 32 கிலோபைட். இன்று நீங்கள் எனக்கு அனுப்பும் காலை வணக்கம் படம் ஒன்றுகூட அதற்குள் அடங்காது. அதற்குள் 8 அண்டங்களையும், அண்டத்துக்கு 256 கிரகங்களையும் அடக்கினார்கள். விளையாடுகிறவர் கையில் 100 கிரெடிட் பணமும் 'கோப்ரா மார்க் 3' என்ற ஒரே கப்பலும். வியாபாரம், சண்டை, சுரங்கம் எல்லாம் அதிலேதான். ஆக, எல்லா வேலைக்கும் ஒரு கப்பல் என்பது இந்த விளையாட்டு பிறந்த நாளிலிருந்தே இருக்கிற யோசனை.

இன்றைய விளையாட்டில் கப்பல் வகைகள் நிறைய. முதலில் 'சைட்வைண்டர்' என்ற சின்னக் கப்பல் இலவசம். அதில் சரக்கு ஏற்றி, செய்தி சுமந்து, கொள்ளையரைப் பிடித்துக் கொடுத்துக் காசு சேர்க்க வேண்டும். பேரன் 80 லட்சம் கிரெடிட் சேர்த்து வைத்திருந்தான். அடுத்த கப்பல் எது? இதுதான் கேள்வி.

நோட்டில் எழுதினோம். 'டைப் 6' சரக்குக் கப்பல், ஏறக்குறைய 10 லட்சம். நூறு டன்னுக்கு மேல் ஏற்றலாம், ஆனால் அடி வாங்கினால் தாங்காது. 'வைப்பர்' சண்டைக் கப்பல், விலை மலிவு, ஆனால் தூரம் போகாது. 'டயமண்ட்பேக் எக்ஸ்ப்ளோரர்', ஏறக்குறைய 19 லட்சம். தூரம் போகும், சரக்குக்கு இடம் குறைவு. 'ஆஸ்ப் எக்ஸ்ப்ளோரர்', ஏறக்குறைய 66 லட்சம். எதிலும் முதலிடம் இல்லை, ஆனால் எல்லாம் செய்யும். ஆறு ஆயுதம் மாட்டலாம், ஓரளவு சரக்கு ஏற்றலாம், நல்ல தூரம் போகலாம். தலைக்கு மேல் வரை கண்ணாடி என்பதால் காட்சியும் அருமை. பேரனின் கனவு மட்டும் 'அனகோண்டா'. ஏறக்குறைய 14.7 கோடி!

"தாத்தா, அதுதான் எல்லாத்துலயும் பெஸ்ட்" என்றான். அவன் கொடுத்த விவரத்தையே திருப்பிப் படித்தேன். அனகோண்டா இறங்கப் பெரிய தளம் வேண்டும். 'அவுட்போஸ்ட்' எனப்படும் சின்ன நிலையங்களில் சிறிய தளமும் நடுத்தரத் தளமும்தான் உண்டு. எங்கள் ஊர்த் தெருவுக்குள் மினி பஸ்தான் வரும், ஏசி பஸ் மெயின் ரோட்டிலேயே நின்றுவிடும் என்பது உங்களுக்குத் தெரியும். எல்லா ஊருக்கும் போக முடியாத வண்டி எல்லா வேலைக்கும் ஆன வண்டி ஆகாது. ஆஸ்ப் நடுத்தரக் கப்பல், எல்லா ஊரிலும் இறங்கும்.

அடுத்தது பணம். 80 லட்சம் இருக்கிறதே, 66 லட்சம் கொடுத்து உடனே வாங்கலாம் என்று துடித்தான். ஆனால் அந்த விலையில் வருவது அடிப்படைச் சாமான்களோடு மட்டும். வீடு கட்டிக் கதவு போடாத மாதிரி. நட்சத்திரம் விட்டு நட்சத்திரம் தாவ உதவும் 'ஃப்ரேம் ஷிஃப்ட் டிரைவ்' எஞ்சினில் நல்லது வேண்டுமானால் அது மட்டும் தனியாக 51 லட்சம். மேலும் கப்பல் வெடித்தால் மொத்த மதிப்பில் 5 சதவீதம் கட்டினால்தான் திரும்பக் கிடைக்கும். கட்டக் காசில்லையா, கப்பல் போனது போனதுதான். கூட்டிப் பார்த்தோம். 66ம் 51ம் 117 லட்சம், 5 சதவீதக் காப்புத் தொகை 6 லட்சத்துக்குப் பக்கம், மற்ற சாமான் சில லட்சம். "ஒரு கோடியே நாற்பது லட்சம் சேரட்டும், அதுவரை கடைப்பக்கம் போகாதே" என்றேன். முகம் சுருங்கியது. ஆனாலும் இரண்டு மாதம் சரக்கு ஓட்டிச் சேர்த்தான்.

இப்போது முக்கியமான பாடத்துக்கு வருகிறேன்.

இந்த விளையாட்டில் ஒவ்வொரு சாமானுக்கும் ஏ, பி, சி, டி, இ என்று தரம் உண்டு. ஏ செயல்திறனில் சிறந்தது, இ மலிவு. பேரன் எல்லாவற்றையும் ஏ தரத்தில் வாங்கத்தான் திட்டம் போட்டான். எடைக் கணக்கை எடுத்தேன். ஆஸ்ப்பில் மாட்டும் சென்சார் ஏ தரம் என்றால் 20 டன், பி தரம் 32 டன், டி தரம் வெறும் 8 டன். கப்பலின் எடை கூடக் கூடத் தாவும் தூரம் குறையும். அதனால் தொலைதூரம் போகிறவர்கள் தாவல் எஞ்சினை மட்டும் ஏ தரத்தில் வைத்துக்கொண்டு, சென்சார், உயிர்காப்புக் கருவி போன்றவற்றை டி தரத்தில் வாங்குகிறார்கள்.

"அப்போ டி நல்லதா தாத்தா?" என்றான்.

"எடைக்கு டிதான் முதல் மார்க்" என்றேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு மெதுவாகச் சொன்னான். "நான் டி செக்ஷன் தாத்தா."

அவன் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பில் மார்க் வாரியாகப் பிரித்திருக்கிறார்கள். ஏ செக்ஷன் ஜேஇஇக்கு, பி செக்ஷன் நீட்டுக்கு, சி இவர்களுக்கு அடுத்தவர்களுக்கு, டி மிச்சம். "எங்களை மிச்சம்னுதான் சொல்றாங்க. நான் எதுலயும் ஃபர்ஸ்ட் இல்ல தாத்தா. மேத்ஸ் சுமார், பயாலஜி சுமார், ஃபுட்பால்கூட சப்ஸ்டிட்யூட்தான். எனக்குன்னு ஒண்ணும் இல்ல." வருடம் முழுக்க வந்த "ம்", "சரி" எல்லாவற்றுக்கும் பின்னால் இதுதான் இருந்திருக்கிறது.

நான் உடனே ஆறுதல் சொல்லவில்லை. குழந்தைகளுக்குப் பொய் ஆறுதல் உடனே தெரிந்துவிடும். என் கதையைத்தான் சொன்னேன். நான் இடைநிலை ஆசிரியன். ஆசிரியர் பயிற்சி டிப்ளமா, அவ்வளவுதான் படிப்பு. வேலைக்குச் சேர்ந்த பள்ளியில் ஐந்து வகுப்புக்கு இரண்டு ஆசிரியர். தமிழ், கணக்கு, அறிவியல், வரலாறு, உடற்பயிற்சி எல்லாம் நான். சத்துணவுக் கணக்கு நான், தேர்தல் வேலை நான், கூரை ஒழுகினால் ஓடு மாற்றுவதும் நான். பட்டதாரி ஆசிரியர்கள் கூடும் கூட்டத்தில் "உங்க சப்ஜெக்ட் என்ன சார்?" என்று கேட்பார்கள். "எல்லாம்" என்றால் சிரிப்பார்கள். பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான் என்று என் காதுபடவே ஒருவர் சொன்னார்.

அந்தப் பழமொழியில் பாதி உண்மை உண்டு, மறைக்கக் கூடாது. ஆஸ்ப் நேருக்கு நேர் சண்டையில் ஒரு சண்டைக் கப்பலிடம் தோற்கும். சரக்கில் ஒரு சரக்குக் கப்பலிடம் தோற்கும். இதைச் சொல்லாமல் 'எல்லாம் சமம்தான்டா' என்று அவனிடம் சொன்னால் அது ஏமாற்று. ஆனால் அடுத்த நிலையத்தில் என்ன வேலை காத்திருக்கிறது என்று தெரியாதபோது, எந்தக் கப்பலில் கிளம்புவது? அங்கேதான் பொதுக் கப்பலின் மதிப்பு. என் பள்ளியில் நாளைக்கு எந்தக் குழந்தை எந்தச் சிக்கலோடு வரும் என்று எனக்கு ஒருநாளும் தெரிந்ததில்லை.

இன்னொன்றும் உண்டு. எல்லாவற்றிலும் சுமாராக இருப்பதால் மட்டும் ஒன்று பொதுக் கப்பல் ஆகிவிடாது. ஆஸ்ப்பில் தாவல் எஞ்சினையும் சுமாராக மாட்டினால் அது வெறும் தகரம். ஒன்றே ஒன்றில் விட்டுக்கொடுக்காமல் இருந்தால்தான் மற்றவற்றை அளவாக வைத்துக்கொள்ள முடியும். எனக்கு அந்த ஒன்று வாசிப்பு. மூன்றாம் வகுப்பு முடிவதற்குள் ஒவ்வொரு பிள்ளையும் தடங்காமல் தமிழ் வாசிக்க வேண்டும். வரைபடம் சுமாராக வரைந்திருப்பேன், பாட்டு சுமாராகப் பாடியிருப்பேன். வாசிப்பில் விட்டதில்லை. சாயங்காலம் மணி அடித்த பிறகும் உட்கார வைத்தது உங்களில் பலருக்கு இன்னும் நினைவிருக்கும். திட்டியும் இருப்பீர்கள்!

"அப்போ என் எஞ்சின் எது தாத்தா?" என்று கேட்டான்.

அதற்கு எனக்குப் பதில் தெரிந்திருந்தது. மூன்று மாதமாக நான் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறேன். எந்த நட்சத்திரத்தில் எரிபொருள் அள்ளலாம் என்று அவன் எனக்கு ஏழு முறையாவது சொல்லிக் கொடுத்திருப்பான். கே, ஜி, பி, எஃப், ஓ, ஏ, எம் வகைகளில் அள்ளலாம், மற்றதில் முடியாது. அதை நினைவில் வைக்க 'கேஜிபி ஃபோம்' என்ற சூத்திரம். நம் சூரியன் ஜி வகை. 66 வயதுக்காரனுக்கு ஏழாவது முறையும் முதல் முறை மாதிரியே, சலிப்பில்லாமல், வேறொரு உதாரணத்தோடு சொன்னான். எத்தனையோ பயிற்சி ஆசிரியர்களைப் பார்த்தவன் நான். இந்தப் பொறுமை பயிற்சியில் வருவதில்லை.

"உனக்குத் தெரிஞ்சத அடுத்தவனுக்குப் புரியவைக்கற பாரு, அது ஏ தரம்டா. உங்க வகுப்புல யாராவது உன்கிட்ட சந்தேகம் கேப்பாங்களா?" என்றேன்.

"மூணு பேர் கெமிஸ்ட்ரி கேப்பாங்க தாத்தா. ஆனா அவங்களுக்கு என்னைவிட மார்க் ஜாஸ்தி வந்துடும்" என்றான். சொல்லிவிட்டு அவனே சிரித்துவிட்டான்.

ஆஸ்ப் வாங்கினோம். எஞ்சின் ஏ, சென்சார் டி. ஒரு தாவலுக்கு 30 ஒளியாண்டுக்கு மேல். ஓர் ஒளியாண்டு என்பது 9.46 லட்சம் கோடி கிலோமீட்டர் (குறித்துக்கொள்ளுங்கள், பேரப்பிள்ளைகள் கேட்பார்கள்). ஓரியன் நெபுலாவுக்குக் கிளம்பினோம். சுமார் 1,300 ஒளியாண்டு, நாற்பது சொச்சம் தாவல். மார்கழி இரவில் பள்ளி மைதானத்தில் உங்களை நிறுத்தி, வேட்டைக்காரனின் இடுப்பு வாள் என்று நான் காட்டிய அதே மங்கலான புள்ளிதான். போகிற வழி முழுக்க ஒவ்வொரு நட்சத்திரத்திலும் முதலில் கண்டுபிடித்தவர் என்று யார் யாரோ பெயர் இருந்தது. திரும்பும்போது பாதையை விட்டு விலகிக் கொஞ்சம் சுற்றினோம். அங்கே பெயரில்லாத ஒரு சிவப்புக் குள்ள நட்சத்திரம். ஊர் திரும்பித் தகவலை விற்றால்தான் பெயர் பதிவாகும். வழியில் கப்பல் வெடித்தால் எல்லாம் போச்சு. கடைசிப் பத்துத் தாவலும் இருவரும் மூச்சு விடவில்லை. இப்போது அந்த நட்சத்திரத்துக்கு யார் போனாலும் முதலில் கண்டவன் என்று அவன் பெயர் இருக்கும். ஸ்டேட்டஸில் வைத்த படம் அங்கே எடுத்ததுதான்.

செக்ஷன் இன்னும் டிதான். அது மாறவில்லை. ஆனால் போன புதன்கிழமை, விளையாட்டு இல்லாத நாளில், அவனே போன் செய்தான். கெமிஸ்ட்ரி கேட்கிறவர்கள் இப்போது ஐந்து பேராம். மோல் கணக்கைப் புரியவைக்க நல்ல உதாரணம் ஒன்று வேண்டுமாம். ஒரு டஜன் வாழைப்பழத்தில் ஆரம்பி என்றேன்.

உங்கள் வீட்டிலும் 'எதிலும் பெரிசா இல்லை' என்று யாராவது சுருண்டு கிடக்கலாம். மார்க்கை விட்டுவிட்டு, அந்தப் பிள்ளை எதில் மட்டும் விட்டுக்கொடுக்காமல் இருக்கிறது என்று ஒரு மூன்று மாதம் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். தெரிந்ததைக் கீழே எழுதுங்கள், படிக்கக் காத்திருக்கிறேன்.

அடுத்து 'பைத்தான்' வாங்க வேண்டுமாம். 5.7 கோடி. காப்புத் தொகை 28 லட்சத்தைத் தனியாக எடுத்து வைத்த பிறகுதான் என்று சொல்லியிருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் ஐயா