போடி: பொன் போன ஊரின் தேவாலயம்

கலிபோர்னியாவின் கிழக்கெல்லையை ஒட்டி, சியரா நெவாடா மலைகளுக்கு அப்பால், சுமார் 8,400 அடி உயரத்தில் மரமற்ற மேட்டில் இருக்கிறது போடி. 1859இல் அங்கே தங்கம் தட்டுப்பட்டது. கண்டவர்களுள் ஒருவரான டபிள்யூ. எஸ். பாடி அந்தக் குளிர்காலத்திலேயே பனிப்புயலில் சிக்கி மடிந்தார். பெரும் பொன் வெளிப்பட்டதோ 1870களின் பிற்பகுதியில்தான். 1880 வாக்கில் ஏழெட்டாயிரம் பேர் குவிந்தனர். 60க்கும் மேற்பட்ட மதுக்கடைகள் இருந்தன என்பார்கள்; தேவாலயக் கட்டடம் ஒன்றுகூட இல்லை. அங்கே குடிபோகவிருந்த ஒரு சிறுமி கடவுளிடமே விடைபெற்றுக்கொண்டாள் என்றொரு கதை உண்டு. பொறாமைப்பட்ட பக்கத்து ஊரார் கட்டிவிட்டதாகவும் இருக்கலாம்.

சுரங்கத்துக்கும் மெதடிஸ்ட் சபைக்கும் உறவு பழையது. ஜான் வெஸ்லி 1739இல் பிரிஸ்டலுக்கு அருகே கிங்ஸ்வுட் நிலக்கரித் தொழிலாளர்களிடையே வெட்டவெளியில் பிரசங்கித்தார். கார்ன்வாலின் வெள்ளீயச் சுரங்கங்களில் அவ்வியக்கம் ஆழ வேரூன்றியது. அங்கே வேலை அற்றுப்போனபோது கடல் கடந்த தொழிலாளர்கள் தொழில்திறமையோடு சபையையும் கொண்டுபோனார்கள்.

போடியில் மெதடிஸ்ட்டுகளும் கத்தோலிக்கர்களும் ஆளுக்கோர் ஆலயம் எழுப்பியது 1882இல். அதற்குள் தங்க வெறி தணிந்து, கூட்டம் கலையத் தொடங்கியிருந்தது. இது தற்செயல் என்று தோன்றவில்லை. விரைவில் பணக்காரராகிவிடலாம் என்று வந்தவர் அடுத்த ஊரைத் தேடிப் போய்விட்டார். பெண்டு பிள்ளைகளோடு தங்கிவிட்டவருக்குத்தான் ஞானஸ்நானமும் அடக்க ஆராதனையும் தேவைப்பட்டன. ஆனால் அந்த விசுவாசத்துக்கும் ஒரு வேலி இருந்தது. ஒழுக்கம் கெட்டவர்கள் என்று ஊர் முடிவுகட்டியவர்களுக்குக் கல்லறைத் தோட்டத்தின் வேலிக்கு வெளியேதான் இடம். பாவிகளோடு பந்தியிருந்தவர் என்று பழிக்கப்பட்ட கிறிஸ்துவின் பெயரால் இது நடந்தது.

1932இல் தீ விபத்து ஊரின் பெரும்பகுதியை விழுங்கியது. மெதடிஸ்ட் ஆலயத்தில் ஆராதனை நின்றதும் அதே ஆண்டில். 1942இல், போர்க்காலத்தில், தங்கச் சுரங்கங்களை மூடுமாறு அரசு ஆணையிட்டது. 1962இல் ஊர் மாநில வரலாற்றுப் பூங்காவாயிற்று. எஞ்சிய வீடுகளைப் புதுப்பிப்பதுமில்லை, விழ விடுவதுமில்லை. மேசை, பாத்திரம், கடைச் சரக்கு எல்லாம் விட்ட இடத்தில் தூசி படிந்து கிடக்கின்றன.

கத்தோலிக்க ஆலயம் தீயில் போயிற்று. மெதடிஸ்ட் ஆலயம் மட்டும் நிற்கிறது. அதன் பிரசங்கபீடத்துக்குப் பின்னால், எண்ணெய்த் துணியில் எழுதிய பத்துக் கட்டளைகள் ஒருகாலத்தில் தொங்கின. களவு செய்யக் கூடாது என்ற கட்டளையையும் சேர்த்து அந்தத் துணியை யாரோ திருடிக்கொண்டு போய்விட்டார்கள்.

போடியில் ஓர் ஆணியை எடுப்பதுகூடச் சட்டப்படி குற்றம். எடுத்தவரைச் சாபம் தொடரும் என்ற நம்பிக்கையும் பரவியிருக்கிறது. திருட்டைத் தடுக்கப் பூங்காக் காவலர்களே கிளப்பியது என்று சொல்வதுண்டு. பலித்திருக்கிறது: கண்ணாடித் துண்டும் துருப்பிடித்த ஆணியும் மன்னிப்புக் கடிதங்களோடு தபாலில் திரும்பி வருகின்றன. விபத்து, வேலையிழப்பு, நோய் என்று தங்களுக்கு நேர்ந்த துன்பங்களை எழுதுகிறார்கள்.

இதை மனந்திரும்புதல் எனலாமா? தண்டனைக்கு அஞ்சி வருந்துவது வேறு, கடவுள்மேல் கொண்ட அன்பால் வருந்துவது வேறு என்று கத்தோலிக்க இறையியல் பிரித்துப் பேசுகிறது. முன்னது குறையுடையதே ஆயினும் அதையும் கடவுளின் கொடையாகவே 1551இல் திரெந்து சங்கம் ஏற்றது. லூத்தர் அத்தகைய அச்சத்தை மெய்யான மனமாற்றமாகக் கொள்ளவில்லை. எடுத்ததை நாலத்தனையாய்த் திருப்பிக் கொடுப்பதாக இயேசுவிடம் சொன்ன சகேயுவை எந்தச் சாபமும் துரத்தவில்லை. போடிக்கு வரும் கடிதங்களில் பல, கெட்ட நேரம் விலகினால் போதும் என்ற வேண்டுதலோடு நின்றுவிடுகின்றன.