ஊசிக்கு முன்னால் ஒரு போன்

2021 மே மாதம். 18 முதல் 44 வயதுக்காரர்களுக்குக் கொரோனா தடுப்பூசி வேண்டுமென்றால் கோவின் தளத்தில் முன்பதிவு கட்டாயம். காசிமேட்டில் எங்கள் சந்துக்கே, ஆன்லைன் வகுப்புக்காக வாங்கிய என் போன் ஒன்றுதான். விடியுமுன் மீன் ஏலத்துக்குக் கிளம்புகிற பக்கத்து வீட்டு அக்கா, "தம்பி, எனக்கும் ஒண்ணு பதிஞ்சு வையேன்"னு கேட்டாங்க. நான் நம்பரைத் தட்டி முடிப்பதற்குள் இடமெல்லாம் காலி! ஜூனில் தனியார் ஆஸ்பத்திரிக்குக் கோவிஷீல்டு உச்சவரம்பு 780 ரூபாய். அக்காவுக்கு அது மூணு நாள் சோறு.

டிவியில் தினமும் எத்தனை டோஸ் என்றார்கள். யாருக்கு? லெவலிங்கில் ஒரே ரீடிங்கை வைத்து முழு ஏரியாவையும் வரைந்தால் நம்ம சார் மார்க் போடுவாரா? வார்டுவாரியாக, தொழில்வாரியாக எண்ணியிருந்தால் எங்கள் சந்து பள்ளமாகத் தெரிந்திருக்கும்.

ஜூன் 21 முதல் எந்த மையத்துக்கும் முன்பதிவில்லாமல் போகலாம் என்றானது. ஓடிப்போய்ச் சொன்னேன். அக்கா கேட்டது: "அப்போ போன் வேணாமா தம்பி?"