கப்பல் வேகம் தெரியுது, லாரி வேகம்?

மக்களே, கொஞ்சம் நீளமான த்ரெட். ஹெல்மெட் போடுங்கன்னு சொல்ல வரல (அதையும் போடுங்க).

தூத்துக்குடில நைட் டூட்டி. விடியக்காலை அஞ்சு மணிக்கு ஒரு கேஸ். உப்பளத்து வேலைக்கு டூவீலர்ல போனவரைப் பின்னாடி வந்த லாரி அடிச்சிருச்சு. வலது கால் முட்டிக்குக் கீழ நசுங்கிப் போயிருந்தது. ரத்தம் ஏத்தி, தியேட்டருக்கு அனுப்பிட்டு ஏ.ஆர். புக் எழுத உட்கார்ந்தேன்.

கூட வந்தவர் அவரோட மச்சான். சங்கு குளிக்கிறவர். "லாரி என்ன வேகத்துல வந்துச்சு சார்?"ன்னு கேட்டார்.

"தெரியாதுண்ணே. எங்க புக்குல அதுக்கு இடமே இல்ல."

போனை எடுத்து ஒரு ஆப்பைக் காட்டினார். துறைமுகத்துக்கு வர்ற கப்பலெல்லாம் சின்னச் சின்ன அம்புக்குறியா இருக்கு. ஒண்ணைத் தொட்டார். கப்பல் பேரு, எங்க போகுது, வேகம் 11 நாட். அதாவது மணிக்கு 20 கிலோமீட்டர் சொச்சம். "கடல்ல போறதுக்கு இங்க உட்கார்ந்து வேகம் சொல்லலாம். ரோட்டுல போறதுக்கு முடியாதா?"

எனக்குப் பதில் இல்ல. வீட்டுக்கு வந்து படிச்சதுதான் இந்த த்ரெட்.

அவர் காட்டினதுக்குப் பேரு ஏ.ஐ.எஸ். வெளிநாடு போற, 300 டன்னேஜுக்கு மேல உள்ள கப்பல் எல்லாத்துலயும் 2004 முடியறதுக்குள்ள இது கட்டாயமாச்சு. ஓடிக்கிட்டிருக்கிற கப்பல் சில விநாடிக்கு ஒரு தடவை தன் இடத்தையும் வேகத்தையும் ரேடியோல சொல்லிக்கிட்டே இருக்கும். அந்தக் கப்பல்ல இருந்து இறங்குற கன்டெய்னர் லாரில ஏறினதும், அது எந்த வேகத்துல போகுதுன்னு நானோ நீங்களோ பார்க்க வழியில்ல.

விபத்து வழக்குல எப்பவும் ஒரு வரி வரும். "அதிவேகமாகவும் கவனக்குறைவாகவும் ஓட்டி வந்து..." நானும் எத்தனையோ தடவை பார்த்திருக்கேன். அதிவேகம்னா எவ்வளவு? நம்பர் கிடையாது. இதை அந்த அண்ணன்கிட்ட சொன்னப்போ சிரிச்சுட்டார். "நாங்க எட்டுப் பாகம், பத்துப் பாகம்னுதான் சொல்லுவோம் சார். ரொம்ப ஆழம்னு மட்டும் சொன்னா எவன் குதிப்பான்?"

டாக்டரா எனக்கு அந்த நம்பர் ஏன் முக்கியம்? 60-ல வர்ற வண்டி 80-ல வந்தா வேகம் மூணுல ஒரு பங்குதான் கூடுது. மோதுற சக்தி வேகத்தோட வர்க்கத்துல ஏறுறதால கிட்டத்தட்ட 1.8 மடங்கு ஆயிடுது. எலும்பு முறிவோட வர வேண்டியவர் கால் போய் வர்றதுக்கு இந்த வித்தியாசம் போதும். சராசரி வேகம் 1 சதவீதம் கூடினா உயிர்ப்பலி விபத்துக்கான வாய்ப்பு 4 சதவீதம் கூடும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது.

சரி, அளக்கிறது எப்படி? ஒத்தைக் கேமரா, ரேடார் வெச்சா நம்மாளு அந்த இடத்துல மட்டும் பிரேக் அடிச்சு, தாண்டினதும் மிதிப்பான். (நானும் செஞ்சிருக்கேன்.) அதனால ரெண்டு இடத்துல கேமரா வெச்சு நம்பர் பிளேட்டைப் படிக்கிறாங்க. ரெண்டுக்கும் ஒரே கடிகாரம். 20 கிலோமீட்டரை 15 நிமிஷத்துல கடந்தா 80. 12 நிமிஷம்னா 100. நாலு வழிச்சாலைல சரக்கு லாரிக்கு 2018 அறிவிப்புப்படி உச்சவரம்பே 80தான். மும்பை-புனே எக்ஸ்பிரஸ்வேல 2024-ல இருந்து இந்தச் சராசரிக் கணக்கும் ஓடுது.

"ஃபாஸ்டேக்லயே பார்த்துடலாமே"ன்னு கேப்பீங்க. மதுரை ரோட்டுல எலியார்பத்தி டோல், புதூர் பாண்டியாபுரம் டோல் ரெண்டுலயும் நேரம் பதிவாகுது. ஆனா எட்டயபுரம் பக்கத்துல நிறுத்தி ஒரு டீ குடிச்சாப் போதும், 110-ல பறந்தவனும் ஒழுக்கமானவன் ஆயிடுவான். சென்சார் நெருக்கமா இருக்கணும். அதுவும் நம்ம ஊர்ல உப்பளத்துக்கு ஆள் போற பாதைகள்ல, விடியக்காலைல.

சட்டம் ஏற்கனவே இருக்கு. 2019 திருத்தத்துல 136ஏ பிரிவு. 2021 ஆகஸ்ட்ல அதுக்கான விதி. விபத்து அதிகமுள்ள நெடுஞ்சாலைகள்ல கருவி வைக்கணும், முன்னாடியே எச்சரிக்கைப் பலகை வைக்கணும், 15 நாளைக்குள்ள நோட்டீஸ் அனுப்பணும்.

ஒரு விஷயத்துல எனக்குத் தயக்கம் உண்டு. வேறொரு நாள் கை உடைஞ்சு வந்த டிரைவர் ஒருத்தர் சொன்னார்: "யார்டுல ஆறு மணி நேரம் நிக்க வெச்சுட்டாங்க சார். நடைக்குத்தான் காசு. போன நேரத்தை ரோட்டுலதான எடுக்கணும்?" அபராதச் சீட்டு அவருக்கு மட்டும் போனா, நிக்க வெச்சவன் நிக்க வெச்சுக்கிட்டேதான் இருப்பான். எந்த யார்டுல இருந்து கிளம்புற வண்டி எந்த நேரத்துல பறக்குதுன்னும் அதே டேட்டா சொல்லும். அதையும் எடுத்துப் பாருங்கன்னுதான் கேக்குறேன்.

உப்பளத்துக்காரர் பிழைச்சுட்டார். கால் இல்ல. 2021 டிசம்பர்ல ஆரம்பிச்ச இன்னுயிர் காப்போம் திட்டத்துல முதல் 48 மணி நேரம் சிகிச்சை இலவசம், அது அவருக்குக் கிடைச்சது.

அவர் கேஸ்ல எனக்கு சம்மன் வரும். வக்கீல் கேப்பார், "டாக்டர், வண்டி என்ன வேகத்துல வந்திருக்கும்?" காயத்தோட நீளம், அகலம், ஆழம் எல்லாம் சென்டிமீட்டர்ல எழுதி வெச்சிருக்கேன். அதைத்தான் வாசிக்க முடியும்.