262-வது ஆள்

மறுபடி ஏப்ரல்.
மறுபடி NFL டிராஃப்ட், அமெரிக்க ஃபுட்பால் அணிகள் காலேஜ் ஆட்டக்காரங்களை முறை வெச்சுப் பொறுக்குற நேரம்.
ஆபீஸ் சாப்பாட்டு மேசையில மறுபடி அதே சண்டை: பந்தை வீசுற குவார்ட்டர்பேக்கா எந்த காலேஜ் பையனை எடுக்கணும்?

நான் வாயே திறக்கல. தயிர்சாதத்துல மாதுளை முத்தை எண்ணிக்கிட்டிருந்தேன்.

காரணம், 2021.

டிராஃப்ட்ல மூணாவதா எடுக்குற இடத்துக்கு ஏறணும்னு எங்க சான் ஃபிரான்சிஸ்கோ ஃபார்ட்டிநைனர்ஸ் அணி, மயாமி அணிக்கு மூணு முதல் சுற்று வாய்ப்பைத் தூக்கிக் கொடுத்த வருஷம்.
எந்த குவார்ட்டர்பேக்? மேக் ஜோன்ஸா, ஜஸ்டின் ஃபீல்ட்ஸா, ட்ரே லான்ஸா?

வாட்ஸ்அப் குரூப்ல நான் சாமி வந்த மாதிரி ஆடினேன். "லான்ஸ்தான்! 2019-ல 287 பாஸ். ஒண்ணைக்கூட எதிரணி பிடிக்கல. இதுக்கு மேல என்ன ஜாதகம் பாக்கணும்?"

"2020-ல அவர் ஆடினதே ஒரு மேட்ச்தானே"ன்னு ஒருத்தர் கேட்டார்.
"அபசகுனமா பேசாதீங்க சார்"னு அடக்கிட்டேன்.

லான்ஸையே எடுத்தாங்க. வீட்ல பாயசம்.

ரெண்டே வருஷம். 2023 ஆகஸ்ட்ல ஒரே ஒரு நாலாவது சுற்று வாய்ப்புக்கு அவரை டல்லாஸ் அணிக்கு அனுப்பிட்டாங்க.

2024 பிப்ரவரியில அணியை சூப்பர் பவுல் இறுதிப் போட்டி வரைக்கும் கூட்டிட்டுப் போனது பிராக் பர்டி. 2022 டிராஃப்ட்ல 262-வதா, கடைசியா எடுத்த ஆள். கடைசி ஆளுக்கு அங்க பட்டப்பேரே 'மிஸ்டர் இர்ரெலவன்ட்'. நம்ம பாஷையில, ஒப்புக்குச் சப்பாணி!

அன்னிக்கு நான் வேணாம்னு தள்ளின மேக் ஜோன்ஸும் 2025-ல எங்க அணிக்கே வந்து சேர்ந்துட்டார்.

வருஷம் முழுக்க வீடியோ பாக்குற நிபுணர்களே சறுக்குறாங்க. பாயசம் வெச்ச நான் எம்மாத்திரம்?

நீங்க அடிச்சுச் சொல்லி ஊத்திக்கிட்ட கணிப்பு எது? சொல்லுங்க, துணைக்கு ஆள் வேணும்.