"அந்தக் கணக்குல எங்க புள்ள இருக்குதா?"

போன மாதம் காரிமங்கலம் பக்கம் ஒரு காலனிக்குப் போயிருந்தேன். ஒரு பெண்குழந்தை பிறந்து ஒன்பதாம் நாள் இறந்திருந்தது. பெயர்கூட வைக்கவில்லை. பிறந்தபோது எடை ஒன்றே முக்கால் கிலோ. தாய்க்கு பெங்களூரில் கட்டட வேலை. எட்டாம் மாதம்வரை ஜல்லி சுமந்துவிட்டுத்தான் ஊர் திரும்பியிருக்கிறார்.

ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, குழந்தையின் பாட்டியிடம், "இப்பல்லாம் குழந்தைங்க சாவு ரொம்பக் குறைஞ்சிருச்சு ஆயா" என்றேன். சொன்னதுமே வெட்கமாகிவிட்டது. அவர் கேட்டார்: "அந்தக் கணக்குல எங்க புள்ள இருக்குதா கண்ணு?"

சமூகவியலில் முதுகலை படித்த எனக்குப் பதில் வரவில்லை.

நான் சொன்னது பொய்யல்ல. 1971-இல் இந்தியாவில் உயிருடன் பிறந்த 1000 குழந்தைகளில் 129 குழந்தைகள் ஒரு வயதுக்குள் இறந்தன. 2023-இல் அது 25. தமிழ்நாட்டில் 12. தடுப்பூசியும் மருத்துவமனைப் பிரசவமும் வீடு வீடாக நடந்த கிராம சுகாதார செவிலியர்களும் கொண்டுவந்த உண்மையான முன்னேற்றம் இது.

ஆனால் இந்த எண்ணைத் தரும் மாதிரிப் பதிவு முறை, தேர்ந்தெடுத்த ஊர்களிலும் நகரப் பகுதிகளிலும் மட்டும் கணக்கெடுக்கிறது. வெளியிடும்போது கிராமம், நகரம், ஆண், பெண் என்று பிரிக்கும், சாதிவாரியாகப் பிரிக்காது. தேசியக் குடும்ப நல ஆய்வு பிரித்துக் காட்டியது. 2015-16 ஆய்வில் பட்டியல் சாதியினரிடையே 45. பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்டோர் அல்லாதவர்களிடையே 32. சராசரி குறைவதும் இடைவெளி குறைவதும் ஒன்றல்ல.

எடை குறைந்து பிறப்பதை விதி என்கிறார்கள். ஒருநாள் கூலி போனால் அடுப்பு எரியாது என்று கர்ப்பிணி ஜல்லி சுமப்பது விதியா? பிரசவத்துக்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வு வேண்டும் என்று 1928-இலேயே பம்பாய் சட்டமன்றத்தில் மகப்பேறு உதவி மசோதாவை ஆதரித்துப் பேசினார் அம்பேத்கர். தினக்கூலிக்குப் போகும் நம் பெண்களுக்கு அந்த ஓய்வு இன்னும் வந்து சேரவில்லை.

தோழர்களே, குழந்தை இறப்புகளை விசாரித்துக் காரணத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்று 2014-இல் மத்திய சுகாதார அமைச்சகம் வழிகாட்டுதல் தந்திருக்கிறது. உங்கள் ஒன்றியத்தின் பதிவுகளைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பெயர்கள் வேண்டாம். எத்தனை இறப்பு, என்ன காரணம், ஊரிலா காலனியிலா? இவ்வளவு போதும்.

அன்று அந்த ஆயாவிடம் "தெரியல" என்றுதான் சொன்னேன். இந்த வாரம் நான் மனு போடுகிறேன். அடுத்த முறை போகும்போது அதே பதிலைச் சொல்லக் கூடாது.

ஜெய் பீம்.