பையைத் திருப்பிப் பாருங்கள்!

ஞாயிற்றுக்கிழமை சமையலைச் சீக்கிரம் முடித்துவிட்டால், பூந்தமல்லிப் பக்கம் ஒரு நடை போய்விட்டு வரலாம். ஊரின் பழைய பெயர் பூவிருந்தவல்லி. திருக்கச்சி நம்பிகள் இங்கே நந்தவனம் வைத்து, அந்தப் புஷ்பங்களைக் காஞ்சிபுரம் வரதராஜருக்குக் கொண்டுபோய்ச் சமர்ப்பித்து வந்தார் என்பது ஐதீகம். இன்று லாரி இரைச்சலும் மெட்ரோ ரயில் தூண்களுந்தான் முதலில் எதிர்ப்படும். ஆனாலும் செடி வளர்க்கும் தொழில் அந்த வட்டாரத்தை விட்டுப் போய்விடவில்லை. நர்சரிக்குள் நுழைந்தால் மா, சப்போட்டா, கொய்யா என்று கன்றுகள் வரிசையாக நிற்கும்.

உடனே நாம் என்ன செய்கிறோம்? எது பச்சைப் பசேலென்று உயரமாக இருக்கிறதோ, அதைக் காட்டி விலை கேட்கிறோம். புடவை வாங்கும்போது உள்பக்கத்தைத் திருப்பிப் பார்க்காமல் வாங்குவோமா? கன்றுக்கு உள்பக்கம், அது குடியிருக்கும் பைதான்.

அந்த நாளில் மாங்கன்றை மண்தொட்டியில் வளர்த்து, தொட்டியோடு தூக்கிப்போய், தாய்மரக் கிளைக்குப் பக்கத்தில் பரண் கட்டி வைப்பார்கள். இரண்டு தண்டிலும் பட்டையைச் சீவிச் சேர்த்துக் கட்டுவார்கள். ஒட்டுப் பிடிக்கும்வரை மாப்பிள்ளைக்குப் பெண் வீட்டில்தான் வாசம்! இப்போது நுனிக்கிளையை நறுக்கிக் கொண்டுவந்து, இளங்கன்றின் தண்டைப் பிளந்து செருகிக் கட்டிவிடுகிறார்கள். பெண் புக்ககம் வந்துவிடுகிறாள். கறுப்புப் பாலிதீன் பை மலிவு, தூக்குவதும் சுலபம்.

மண்தொட்டி சுவாசிக்கும், வேருக்குக் குளிர்ச்சி. ஆனால் சீக்கிரம் காயும், உடையும். கறுப்புப் பையோ சித்திரை வெயிலில் கொதிக்கும். அதைவிடப் பெரிய சங்கடம் வேறு. வழவழப்பான சுவரில் முட்டிய வேர், போக வழியில்லாமல் உள்ளேயே சுற்றிச் சுற்றி வளரும். அப்படியே நட்டால் சில வருஷம் ஒன்றும் தெரியாது. பிறகு மரம் வளராமல் நின்றுவிடும், காற்றடித்தால் சாயும். 2016 டிசம்பரில் வர்தா புயலைப் பார்த்த நமக்கு, மரம் சாய்வதைப்பற்றிச் சொல்லவா வேண்டும்? பணம் போனால் போகட்டும். வருஷக்கணக்காகத் தண்ணீர் ஊற்றிக் காத்திருந்தது வீணாகிறதே, அதுதான் வயிற்றெரிச்சல்.

இதற்காகவே பக்கமெல்லாம் துளையிட்ட தொட்டிகளும் துணித்தொட்டிகளும் வந்திருக்கின்றன. வேரின் நுனி காற்றுப் பட்டதும் காய்ந்துவிடும். பின்னாலிருந்து புதிய சல்லிவேர்கள் கிளம்பும். விலை கொஞ்சம் கூடத்தான். ஒன்றிரண்டு கன்றுக்குச் செலவழித்தால் குடிமுழுகிப் போகாது என்பது என் அபிப்பிராயம்.

ஆகவே பையைத் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். அடித்துளை வழியாகத் தடித்த வேர் எட்டிப் பார்த்தால், அந்தக் கன்று வேண்டாம். ஒட்டுக்குக் கீழே துளிர் விட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். சப்போட்டாவைப் பாலைக் கன்றில் ஒட்டுவது வழக்கம். இலையிலேயே வித்தியாசம் தெரிந்துவிடும். மாவில் இரண்டும் மாவிலைதானே! கீழ்த்துளிரைக் கிள்ளாமல் விட்டால் ஒட்டு நலிந்து, முரட்டுக் கன்று மரமாகிவிடும்.

அம்பத்தூரில் 1964-ல் தொழிற்பேட்டை வந்தது. அங்கும் ஆவடியிலும் இன்று அடுக்குமாடி வீடுகள். பலருக்குத் தோட்டமே மொட்டைமாடிதான். அதற்கு ஆம்ரபாலி மா ஏற்றது. நம் நீலத்துக்கும் வடக்கத்தி தசேரிக்கும் பிறந்த குட்டை ரகம் அது. சின்னக் கன்றை எடுத்த எடுப்பில் பெரிய டிரம்மில் வைக்காதீர்கள். குடிக்க வேர் இல்லாத மண்ணில் ஈரம் தங்கி வேர் அழுகும். படிப்படியாகத் தொட்டியை மாற்றுங்கள். மாற்றும்போது தண்டைப் பிடித்து இழுக்காமல், பையை பிளேடால் கீறி எடுங்கள். சுருண்ட வேர் தெரிந்தால் தயங்காமல் நறுக்குங்கள். ஒட்டு மண்ணுக்கு மேலேயே இருக்கட்டும்.

ஒட்டுக்கன்று அவசரக்காரி, நட்ட மறுவருஷமே பூத்து நிற்பாள். முதல் இரண்டு வருஷப் பூவைக் கிள்ளிவிட வேண்டும். வீட்டுக் குழந்தைகளிடம் இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள், இல்லாவிட்டால் ரகளைதான்!