தம்பி புள்ளி வைத்த பல்கனி



மகளிடம் ரொறன்ரோவுக்கு வந்து இரண்டு மாதமாகிறது. குளிருக்குப் பயந்து வீட்டுக்குள்ளேயே இருந்தேன். போன சனிக்கிழமை, என்னிடம் படித்த பிள்ளை ஒருவன் காரோடு வந்து, "எங்கை ரீச்சர் போக விருப்பம்?" என்று கேட்டான். நயாகரா என்று சொல்வேன் என நினைத்திருப்பான். நான் கைப்பையிலிருந்த பழைய படம் ஒன்றை எடுத்துக் காட்டினேன்.

1989இல் என் தம்பி அனுப்பிய படம் அது. ஒரு பெரிய தொடர்மாடி, கீழே நின்று அண்ணாந்து எடுத்தது. ஒரு பல்கனியின் மேல் நீல மையால் சின்னப் புள்ளி. அது அவனுக்குக் கனடாவில் முதல் மாரி. அம்மா ஒவ்வொரு கடிதத்திலும் என்னை ஒரே கேள்வியைத்தான் எழுதச் சொல்லுவா: "நீ இருக்கிற வீட்டுக்கு வெயில் விழுமோ?" அதற்குப் பதிலாக வந்ததுதான் இந்தப் படம். பின்பக்கத்தில், "புள்ளி வைத்ததுதான் எங்கடை வீடு, 14ஆம் மாடி" என்று எழுதியிருந்தான்.

நான் புவியியல் ரீச்சர் அல்லவா! பல்கனிகளின் நிழல் சுவரில் விழுந்திருந்ததைப் பார்த்ததும் அம்மாவுக்கு ஒரு பாடமே எடுத்துவிட்டேன். ரொறன்ரோ ஏறக்குறைய 44 பாகை வட அகலக்கோட்டில் இருக்கிறது. மார்கழி நடுப்பகலில்கூடச் சூரியன் தெற்கே 25 பாகைக்கு மேல் ஏறாது. எங்கள் ஊரில் வெயில் கூரைக்கு. அங்கே தெற்குச் சுவருக்கு. "அதாலை தம்பியின்ரை அறைக்குள்ளை நல்ல வெயில் வரும் அம்மா" என்று முடித்தேன். அம்மா படத்தைச் சாமித்தட்டில் வைத்தா. 95 இடப்பெயர்வில் எத்தனையோ சாமானை விட்டுவிட்டு வந்தோம். அந்தப் படம் அம்மாவின் மடிக்குள் இருந்தது.

இடம் சென்ற் ஜேம்ஸ் ரவுன். வெலஸ்லி வீதிப் பக்கம். எண்பதுகளில் ஊரைவிட்டு வந்த எங்கள் பிள்ளைகள் பலருக்கு அதுதான் முதல் முகவரி. பழைய விக்ரோறியா கால வீடுகளை இடித்து 1960களில் எழுப்பிய உயர்மாடிகள். கட்டியபோது நினைத்தது தனியாக வாழும் இளம் உத்தியோகத்தர்களை. கட்டடங்களுக்குக் கனடிய நகரங்களின் பெயர் வைத்திருக்கிறார்கள்.

நான் இவ்வளவு காலமும் செங்கல்தான் அந்தக் கட்டடத்தைத் தாங்குகிறது என்று நினைத்திருந்தேன். யாழ்ப்பாணத்தில் சுண்ணாம்புக் கல்லோ சீமெந்துக் கல்லோ, சுவர்தானே கூரையைச் சுமக்கும். கூட்டிப் போன பிள்ளை பொறியியலாளன். "இது ஒண்டையும் சுமக்கேல்லை ரீச்சர்" என்றான். இந்தக் காலத்து உயர்மாடிகளில் பாரம் முழுவதும் கொங்கிறீற் தளங்களிலும் உள்ளே குறுக்காக நிற்கும் கொங்கிறீற் சுவர்களிலும்தானாம். அந்தந்த மாடிச் செங்கல் அந்தந்தத் தளத்தின் விளிம்பில் நிற்கிறது, அலுமாரித் தட்டில் புத்தகம் அடுக்கினது மாதிரி. அண்ணாந்து பார்த்தால் செங்கல் வரிசைகளுக்கு இடையில் தெரியும் சாம்பல் கோடுகள் அந்தத் தட்டுகள். பல்கனியும் வேறாக ஒட்டியது இல்லை. உள்ளே நடக்கிற அதே தளத்தைச் சுவருக்கு வெளியே நீட்டிவிட்டிருக்கிறார்கள். அதனால் வெளிக்குளிர் அந்தக் கொங்கிறீற் வழியாகவே அறைக்குள் வந்துவிடும்.

சுவரில் சில இடங்களில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது, எங்கள் கடற்கரை வீடுகளில் போல. செங்கல்லுக்குள் ஊறிய தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் பெருக்கும். அப்போது கல்லின் முகம் உரிந்துபோகும். திருத்தின இடங்களில் புதுக்கல் நிறம் பொருந்தாமல், சட்டைக்கு வேறு துணியில் ஒட்டுப் போட்டது மாதிரி நின்றது.

தம்பியோடு ஒன்றாக இருந்தவர் இன்னும் அதே கட்டடத்தில்தான் இருக்கிறார். கீழே இறங்கி வந்தார். நான் விரலால் மாடிகளை எண்ணி 14க்கு வந்தால், அது படத்தில் இருக்கும் புள்ளிக்கு ஒரு வரிசை மேலே நின்றது. அவர் சிரித்தார். "இஞ்சை 13ஆம் மாடி இல்லை அக்கா. 12க்குப் பிறகு 14. அவன் சரியாத்தான் எண்ணியிருக்கிறான்." படத்தை வாங்கிக் கொஞ்சநேரம் பார்த்தார். பிறகு, "ஆனா நாங்கள் இந்தப் பக்கம் இருக்கேல்லையே. பின்பக்கமெல்லோ" என்றார்.

ஒரு படுக்கையறை வீட்டில் ஐந்து பேராம். பல்கனிக் கதவோரம் குளிரென்று மெத்தையை உள்ளே இழுத்துப் போட்டுத்தான் படுப்பார்களாம். "அம்மா வெயில் கேட்டவவெண்டு கமராவை இரவல் வாங்கிக்கொண்டு முன்பக்கம் போனவன்."

தம்பி இப்போது இல்லை. அம்மாவும் இல்லை. நிழலைப் பார்த்து அம்மாவுக்கு விளக்கம் சொன்ன நான்தான் மிச்சம்.

பின்பக்கம் போனோம். முன்னால் கரைந்திருந்த பனி அங்கே கட்டியாக இருந்தது. ரொறன்ரோ வீதிகள் நேர் வடக்குத் தெற்காகப் போகாமல் சற்றுச் சரிந்தவை. அப்படியிருந்தும் மார்கழி தையில் அந்தச் சுவரில் ஒரு துளி வெயில் படாது. அதே செங்கல், அதே சாம்பல் கோடு, அதே பல்கனி. பன்னிரண்டுக்கு அடுத்த வரிசையில் ஒரு சைக்கிளும், உடுப்புக் காயப்போடும் கம்பி ஒன்றும் இருந்தன.

"கோடையிலை பின்னேரத்திலை கொஞ்சம் விழும் அக்கா" என்றார் அவர்.

"அதையே எழுதியிருக்கலாம்" என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை.

தம்பியின் படத்தையும், நான் பின்பக்கம் நின்று எடுத்த படத்தையும் கீழே போட்டிருக்கிறேன். அந்தக் கட்டடங்களில் இருந்த பிள்ளைகள் எந்த மாடி, எந்தப் பக்கம் என்று எழுதுங்கோ. வீட்டுக்கு அப்போது என்ன எழுதினீர்கள் என்பதையும்.